முழித்திருந்து செத்த சென்சார்

சித்தி பல வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் நோயாளியைத் தவிர யாரும் கண்ணை மூடக் கூடாது என்பது அவள் சட்டம். வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் மூன்று குடில் போட்டுக் காளான் வளர்க்கிறாள்; சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. சித்தப்பா பகலில் படுத்தால் அவர் வாயில் தெர்மாமீட்டர்.

நாலைந்து நாடு சுற்றி, எதிலும் ஒட்டாமல் நான் அங்கே வந்து இறங்கியிருந்தேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசியதால், குடில்களில் ஈரப்பதம் பார்க்கும் பேட்டரி சென்சார்களை மாட்டினேன். அவை சொல்வதை வாங்கி சித்தியின் போனுக்கு அனுப்ப, சமையலறை ஜன்னலில் ஒரு கேட்வே.

"இது எப்பவும் பாத்துக்கிட்டே இருக்குமாடி?"

"இல்ல சித்தி, தூங்கும். அப்பப்ப முழிச்சு, ஈரம் எவ்வளவுன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிரும்."

"தூங்குறதுக்குத்தான் வீட்டுல நீ இருக்கியே."

ரோஷம் வந்துவிட்டது. கடைசிக் குடிலின் தகவல் கேட்வே வரைக்கும் எட்டவில்லை. நடுவில் ஒரு கருவி அதை வாங்கிக் கைமாற்ற வேண்டும். அதுதான் ரவுட்டர். கடைசிக் குடில் சென்சார் எப்போது பேசுமோ என்று விழித்தே கிடக்க வேண்டிய வேலை அது. கரண்டில் செருகிய கருவிக்குத்தான் கட்டுப்படியாகும். நான் நடுக்குடிலின் பேட்டரி சென்சாரையே ரவுட்டராக மாற்றினேன். "இனிமே இது தூங்கவே தூங்காது சித்தி" என்று பெருமையடித்து, ஒரு டீயும் வாங்கிக் குடித்தேன்.

சில நாளிலேயே அதன் பேட்டரி தீர்ந்துபோனது. கடைசிக் குடிலின் தகவலும் அதோடு நின்றது; போனில் கடைசியாக வந்த எண் மட்டும், ஈரம் சரியாக இருப்பதுபோல், பச்சையாக நின்றுகொண்டிருந்தது. ஒரு ஹோட்டல் முதல் தடவையாகக் கேட்டிருந்த காளான் கடைசிக் குடிலில்தான் இருந்தது. அங்கே தண்ணீர்த் தெளிப்பான் அடைத்துக்கொண்டது. பச்சையை நம்பி சித்தி அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது பாதிக் காளான் காய்ந்து வெடித்திருந்தது.

"முழிச்சுக்கிட்டுத்தானடி இருந்துச்சு?"

"முழிச்சிருந்துதான் சித்தி செத்துப்போச்சு."

அவள் பார்த்த பார்வையில் இன்னொரு நாட்டுக்கு விசா கிடைக்குமா என்று யோசித்தேன்.

இருவரும் கையாலேயே தண்ணீர் தெளித்து மிச்சத்தைக் காப்பாற்றினோம். பிறகு சித்தி ஹோட்டல் சமையல்காரருக்குப் போன் போட்டாள். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அடுத்தது வராது.

"பாதிதான் தர முடியும் மாஸ்டர். சேச்சே, பூச்சியெல்லாம் இல்ல. எங்க அக்கா பொண்ணு வெளிநாட்டுல இருந்து வந்திருக்கா. எனக்கு உதவி பண்றா."

 அதைக் கேட்டதும் மாஸ்டர், பாதி போதும், மீதியை அடுத்த வாரம் கொடுங்கள் என்றாராம். அவர் வீட்டிலும் உதவி பண்ண ஒரு மச்சான் வந்து தங்கியிருக்கிறாராம்.