மாப்பேணிக்குள் ஒளித்த புனிதர்

வெள்ளி, காலை 5.50, கிரவீனில் என் வீடு. விமானம் என்றால் எனக்குப் பயம், ஆகவே ஏழு நாற்பது ரயில். மெல்பேர்னுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரத்தைம்பது கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம், நூற்றுப்பதினேழு டொலர். ஒன்றரை மணித்தியாலத்தில் முடியவேண்டிய பயத்தை ஒரு முழு நாளுக்கு நீட்டி வாங்கிய புத்திசாலி நான்.

“நவமண்ணையைப் பாக்கத்தானே போறியள்? தூக்குமேடைக்குப் போறமாதிரி முழிக்கிறியள்” என்றாள் மனைவி. நவம் என் ஊர்ச் சிநேகிதன், இப்போது மெல்பேர்னில் இருக்கிறான்.

அவள் சொன்னதில் பெரிய பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோவில் அம்மன் ஒன்றரை அடி வெண்கலம். சோழர் காலத்தது என்று ஐயர் சொல்வார். சண்டை நெருங்கி ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்த அன்று, கோவிலை நடத்திய நவத்தின் தகப்பனார், நாங்கள் ஐயா என்று கூப்பிடுபவர், அம்மனை ஒரு சாக்கில் சுற்றி என்னிடம் தந்தார். என்னிடம் சைக்கிள் இருந்தது, அவ்வளவுதான் தகுதி. கோவில் கிணற்றடி வில்வமரத்தின் கீழ் புதைத்துவிட்டு வரச் சொன்னார். மண்வெட்டியை எடுத்தேன். பக்கத்தில் எங்கோ ஷெல் விழுந்தது. சாக்கைப் போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். ஒரு மைலுக்குப் பிறகுதான் மண்வெட்டி இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன். அம்மனை விட்டேன், மண்வெட்டியைக் காப்பாற்றினேன்.

“தாட்டாச்சோ தம்பி, புதைச்சாச்சோ?” என்று வழியில் கேட்டார் ஐயா.

“ஓம் ஐயா.”

முப்பது வருடமாக அந்தப் பதிலோடுதான் சீவிக்கிறேன். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நவம் ஊருக்குப் போய்க் கிண்டப் போகிறானாம். இடத்தை வரைந்து தரவேண்டுமாம். “அதோடை இங்கை ஒரு கோட்டையிலை ஒரு சாமான் இருக்கு. நீ கட்டாயம் பாக்கவேணும்” என்று போனில் சொன்னான்.

மாலை 6.40, மெல்பேர்ன். வழியில் கோல்பேண் ஊரிலிருந்தே மழை, ஜன்னலில் ஈரச் செம்மறிகளைத் தவிர வேறு காட்சி இல்லை. நவம் நிலைய வாசலில் நின்றான். கிளேட்டனில் அவன் வீட்டில் இடியப்பமும் சொதியும். வரைபடத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நான் மூன்றாவது இடியப்பத்துக்குச் சொதி விட்டேன்.

சனி, காலை 10.30. கிளேட்டனிலிருந்து மேற்கே நூற்றுப்பதினெட்டுக் கிலோமீற்றர். கோட்டை என்றால் அரசர் கோட்டை இல்லை. கம்பளியில் பணம் பண்ணிய ஒருவர் கருங்கல்லில் கட்டி, கோபுரமும் வைத்த மாளிகை. நுழைவுக்கட்டணம் இருபத்தெட்டு டொலர். உள்ளே வெளியைவிடக் குளிர்.

வழிகாட்டி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. தேவாலய அறை நிலத்துக்குக் கீழே. வளைந்து இறங்கும் படிகள் இருபத்தாறு, பயத்தில் எண்ணினேன். பதினாலாவதில் திரும்பி ஏறலாமா என்று பார்த்தால், பின்னால் நவத்தின் வண்டி வயிறு வழியை அடைத்துக்கொண்டு வருகிறது.

“இறங்கடா. சுவர் ஒண்டும் கடிக்காது.”

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு வெள்ளிப்பெட்டி. பாண் ரொட்டித் துண்டு ஒன்றின் அளவு. மூடியில் தேய்ந்த முகங்களோடு பன்னிரண்டு சீடர்கள். உள்ளே ஒரு புனிதரின் விரல் எலும்பு. ஐரோப்பாவில் எண்ணூறு வருடங்களுக்கு முன் செய்ததாம். உலக யுத்தத்தில் யப்பான்காரன் வந்துவிடுவான் என்று மாளிகைக்காரர் பயந்து, அதை ஒரு மாப்பேணிக்குள், மாவு வைக்கும் தகர டப்பாவுக்குள், போட்டுத் தோட்டக்காரனிடம் கொடுத்து ஒளிக்கச் சொன்னார். யப்பான்காரன் வரவில்லை, மாளிகைக்காரருக்கு மாரடைப்பு வந்தது. தோட்டக்காரன் யாருக்கும் சொல்லாமலே செத்தான். கனகாலத்துக்குப் பிறகு, குழாய் மாற்ற வந்தவர்கள் இந்த அறையின் தரைக்கல்லைக் கிளப்பியபோது பேணி அப்படியே இருந்தது.

முப்பது வருட நோய் என் வாயைக் கிளறியது. “அந்தத் தோட்டக்காரன் உண்மையில் புதைக்காமல் விட்டிருந்தால்?” என்று பகிடியாகக் கேட்டேன்.

கிழவி சிரித்தாள். “அப்படியென்றால் நீங்கள் இங்கே நின்று இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். நவம் சிரிக்கவில்லை.

மதியம் 12.15, கார் தரிப்பிடம். தூறல். நவம் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, கொப்பியையும் பேனாவையும் என் மடியில் வைத்தான்.

“கீறு. இடத்தை வரைஞ்சு தா.”

மூக்கால் தண்ணி வந்தது. குளிரில் என்று சொல்லிக்கொண்டேன். “நவம், நான் அதைத் தாட்டதே இல்லையடா. ஷெல் விழுந்தது. போட்டிட்டு ஓடினனான்.”

அவன் தேநீரைக் குடித்து முடித்தான்.

“அங்கை ஒண்டும் இல்லையெண்டு தெரியும். அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பின உடனை நானும் அப்பாவும் கிண்டினனாங்கள். வில்வத்தைச் சுத்தி இடுப்பளவுக்கு.”

“பிறகேன் இப்ப போறன் எண்டனீ?”

“எங்கை போறது? டிக்கெட்டும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. நீயா வாய் திறப்பியோ எண்டு பாத்தனான்.”

“இவ்வளவு காலமும் ஏன்ரா கேக்கேல்லை?”

“நீ வித்துப்போட்டாய் எண்டு நினைச்சனாங்கள். கேட்டு, நீ ஓம் எண்டிட்டால்? பிறகு தீபாவளிக்கு ஆரின்ரை வீட்டுக்கு நான் சாப்பிட வாறது?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அப்பா சாகேக்கையும் சொன்னவர். ‘அவன் அம்மனை வித்துத்தான் வெளிநாடு போயிருப்பான். பறவாயில்லை, ஒரு பிள்ளையை எண்டாலும் அம்மன் கரை சேத்திட்டா. அவனோடை கோவிக்காதை’ எண்டு.”

கொப்பியையும் பேனாவையும் அவன் மடிக்கே திருப்பி வைத்தேன்.

ஞாயிறு, காலை 8.30. திரும்பும் ரயில். மழை விடவில்லை, அதே செம்மறிகள், இப்போது மறுபக்கத்தில். அந்த மாளிகையில் பயந்தவனுக்கும் ஒளித்தவனுக்கும் நடுவில் ஒரு பெட்டியாவது மிஞ்சியது. எனக்கு மிஞ்சியது ஐயாவின் மன்னிப்பு. அதுவும் ஒரு கள்ளனுக்குக் கொடுத்தது. பயந்தாங்கொள்ளிக்கு அதில் பங்கு உண்டோ தெரியாது. கேட்க அவரும் இல்லை.

கொப்பி என்னோடு வருகிறது. “எண்டாலும் கீறித் தா. சாக்கை எவடத்திலை விட்டனீ எண்டு எனக்குத் தெரியவேணும்” என்று நிலையத்தில் தந்துவிட்டுப் போனான் நவம். கிணற்றைக் கீறினேன். வில்வத்தைக் கீறினேன். வேலியைக் கீறினேன். சாக்கை எந்தப் பக்கம் போட்டேன் என்று ஓல்பெரி நிலையம் வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவிருப்பது சைக்கிளின் முன்சில்லு சுழன்றது மட்டும்தான்.