ஒரு மூச்சுக்கு எத்தனை வசவு

கையைப் பிடித்து நாடி பார்த்தால் போதும், ஆளுக்கு என்ன கோளாறு என்று நான் சொல்லிவிடுவேன். அறுபதுகளில் தாராவியிலிருந்து ஆம்புலன்ஸில் போன யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வேண்டாம், கேட்காதீர்கள். பொய். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் நான் பிடித்த கைகளில் எல்லாம் நாடி ஒரே மாதிரிதான் ஓடியது. காய்ச்சல்காரன், பஸ்ஸில் அடிபட்டவன், பிரசவ வலிக்காரி, எல்லாருக்கும் ஒரே சீர். நம்ம ஜனங்களுக்கு நாடி கெட்டி என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கேஷுவல்டியில் இருந்த மலையாளத்து நர்ஸம்மா என் விரலைப் பார்த்துவிட்டார்.

"எடோ, கட்டை விரலாலயா பாக்கற?"

"ஆமா சிஸ்டர். அதுதான தடியா இருக்கு."

"கட்டை விரல்ல உனக்கே துடிக்கும். இத்தனை நாளும் நீ எண்ணினது உன்னோட நாடியாக்கும்!"

ஆக, வண்டியில் ஏறின அத்தனை பேருடைய பெயரிலும் டாக்டரிடம் நான் ஒப்பித்தது என் உடம்பு நிலவரத்தை. நல்லவேளை, டாக்டர்கள் ஒருவரும் அதை நம்பியதில்லை.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று இப்போது சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்பைப் பார்த்து ஓடியவன். அந்த ஓட்டம் பம்பாயில் வந்துதான் நின்றது. ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர் மராட்டிக்காரர். தாராவிக்குப் போனால் அங்கே சொல்வது அவருக்குப் புரியாது, அவர் சொல்வது அங்கே புரியாது. ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்து, "மத்ராஸி ஆதா ஹை க்யா?" என்றார். தமிழ் வருமா என்று கேட்கிறார். "ஆதா ஹை" என்றேன். "தோ பைட்!" ஏறி உட்கார். அவ்வளவுதான் இன்டர்வியூ. துடைப்பக் கட்டையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதோடுதான் ஏறினேன்.

நாடி விஷயத்தில் என் மானம் போன அன்றைக்கே நர்ஸம்மா எனக்கு ஒரு வழியும் சொன்னார். "நாடி உனக்கு சரிவராது. வாய் இருக்கே, அதை வச்சுப் பிழைச்சுக்கோ. ஆளைப் பேச வை. ஒரே மூச்சில எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணு. குறைஞ்சுதோ, சீக்கிரம் கொண்டு வா."

நல்ல யோசனைதான். ஆனால் எப்படி இருக்கு என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "பரவால்ல." சாகக் கிடப்பவனும் பரவால்ல, சளி பிடித்தவனும் பரவால்ல. ஒரே வார்த்தை, இதில் எதை எண்ணுவது? ஒரு வாரம் யோசித்து நானே ஒரு வைத்திய முறை கண்டுபிடித்தேன். ஆளைச் சீண்டிவிட வேண்டும். பதிலுக்குத் திட்டுவார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவனும் ஒரு வார்த்தையோடு திட்டி நிறுத்த மாட்டான்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் தோல் ஷாப்பில் வேலை செய்த அண்ணாச்சி ஒருவரைத் தூக்கப் போனோம். அந்தக் கல்லிக்கே, அதாவது சந்துக்கே, ஒலிபெருக்கி அவர். குழாயடியில் யாராவது வரிசை மீறினால், அவர் மாடியிலிருந்து திட்டுவதைக் கேட்டு அடுத்த கல்லியில் வரிசை நேராகும். வண்டி உள்ளே போகாது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு டிரைவரும் நானும் நடந்தோம். வீடு மேல் கோலி, அதாவது மாடியில் ஒற்றை அறை. ஏற வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி.

அண்ணாச்சி முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு மூன்று தலையணை. மனைவி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினேன், விழுந்த குழி அப்படியே நின்றது. சரி, நம் வைத்தியத்தை ஆரம்பிப்போம் என்று கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, ஓசிச் சவாரி போவணும்னு நடிக்கியளோ?"

"ஏலே... மூதி..." மூச்சு வாங்கினார். "உன்... மூஞ்சி..." திரும்பவும் மூச்சு.

இரண்டு. மூச்சுக்கு இரண்டே வார்த்தை. சாதாரண நாளில் என் தாத்தா வரைக்கும் இழுத்திருப்பார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தோம். கண் பிதுங்கி, என் சட்டையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். படுத்தால் மூச்சு நிற்கிறது. கீழே தையல் கடையில் ஒரு மர நாற்காலி வாங்கி, அதில் உட்கார வைத்து, துண்டால் சேர்த்துக் கட்டினோம். டிரைவர் மேலே நின்று முதுகுப் பக்கத்தைப் பிடித்தார். நான் ஏணியில் இரண்டு படி இறங்கி நாற்காலியின் முன்காலைப் பிடித்தேன். அப்போதுதான் அந்த அம்மா நிலையில் கையை வைத்து மறித்தார்.

"ஏ தம்பி, நில்லு! கால முன்னால விட்டா எறக்குத? பொணமா போவுது? தல முன்னால போவட்டும்!"

எங்களில் வீட்டைவிட்டுக் கால் முன்னால் போவது செத்தவர்கள் மட்டும்தான். எனக்குத் தெரியாதா? டிரைவருக்குத் தெரியாது. "க்யா போல்தி ஹை?" என்றார். அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். "சர் நீச்சே? பாகல் ஹை க்யா!" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவர், நாற்காலியைப் பிடித்திருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். தலை கீழேயா, பைத்தியமா என்று அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த ஏணியில் தலையை முன்னால் விட்டால் ஆள் தலைகீழாகத் தொங்குவார்.

கீழே பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அவ சொல்லுதது சரிதானே!"

"நல்ல மனுசன இப்படியா எறக்குவாவ?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஏட்டி..."

அதற்குமேல் வரவில்லை. இரண்டு, ஒன்றாகிவிட்டது. உதடு வேறு நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் அந்த அம்மா பயந்ததே நடந்துவிடும். எனக்குப் புத்தி ஒன்றும் வேலை செய்யவில்லை, ஆத்திரத்தில் வாய்தான் வேலை செய்தது.

"யக்கா, காலைல தண்ணி எடுக்க இந்த ஏணியில எப்படி எறங்குனிய? தலைகீழாவா?"

கீழே யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"இந்த வீட்டுல உசுரோட இருக்கவுக எல்லாம் கால முன்னால வச்சித்தான எறங்குதிய? அண்ணாச்சியும் உசுரோடதான இருக்காவ!"

அந்த அம்மா ஏணியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"எறக்கு. ஆனா செருப்ப மாட்டி எறக்கு. நடந்து போற மாதிரி இருக்கட்டும்."

வீங்கின காலில் செருப்பு நுழையவில்லை. பெருவிரலில் மாட்டிவிட்டார். பாதி ஏணியில் ஒன்று கழன்று என் தலையில் விழுந்தது. இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏணியில் மேல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மணியடித்துக்கொண்டு போனோம். அண்ணாச்சியை உட்கார்ந்த மேனிக்கே என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கேஷுவல்டியில் நர்ஸம்மாவைப் பார்த்ததும், "சிஸ்டர், ரெண்டு வார்த்தை. இப்ப ஒண்ணு!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவர் டாக்டரை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். மூக்குக்குக் காற்றுக் குழாய், கைக்கு ஊசி. அந்த ஊசி நெஞ்சில் கட்டின நீரையெல்லாம் மூத்திரமாக இறக்கிவிடுமாம். சாயந்திரம் வரைக்கும் வார்டு பாய் சட்டியோடு ஓடிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெம்பு தெரிந்தது.

"ஏலே மூதி, ஓசிச் சவாரின்னா சொன்ன, எந்திரிச்சி வந்தேன்னா உன்னயும் அந்த மராட்டிக்காரனயும் சேத்து அதே நாக்காலில கட்டிவச்சி ஏணியில உருட்டி விட்டுருவேன் பாத்துக்கோ!"

எல்லாம் ஒரே மூச்சு. பதினொன்று வரைக்கும் எண்ணினேன், அப்புறம் கண்ணில் என்னவோ விழுந்து கணக்கு தப்பிவிட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

திட்டி முடித்துவிட்டு அண்ணாச்சி குரலை இறக்கினார். ஊரிலிருந்து ஒரு மச்சினன் வந்திருக்கிறானாம், சும்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறானாம், இந்த வண்டியில் அவனுக்கு ஒரு வேலை ஆகுமா என்றார். மறுநாளே அனுப்பினார். ஆறடி ஆள், தோள் கதவு மாதிரி. முதலில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று அவன் கையைப் பிடித்தேன், அவன் என்ன செய்தான் என்றால்...

"ஏங்க! ரேஷன்ல சீனி போடுதானாம், பையத் தூக்கிட்டு ஓடுங்க!"

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன். இந்தா வாரேன்.