வட்டகொடைக்குப் போகும் வழியில் எரிந்த மஞ்சள் விளக்கு

முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே, சின்னப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அது ஏசியைக் கூட்டும் பொத்தான் என்று நினைத்து இரண்டு வருஷமாக அமுக்கிவந்தேன். ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த மாதிரியும் இருந்தது. டயரில் காற்றுக் குறைந்தால் எரியும் விளக்கை ரீசெட் பண்ணும் பொத்தான் அது என்று கராஜ்காரர் சொன்னபோது ராஜி பக்கத்தில் இருந்தாள். ராஜி என் மனைவி. எதையும் மறக்கமாட்டாள்.

கார் ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்டது. கையேடும் ஜப்பான் மொழியில்தான். நான் படம் பார்ப்பதோடு சரி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வத்தளையிலிருந்து மலைநாட்டு வட்டகொடைக்குப் புறப்பட்டோம். அருவி பார்க்க இல்லை. ராஜியின் ஒரே அண்ணன் செல்வம் முதல் நாள் சாயந்திரம் இறந்துவிட்டார். “இந்த ஆளு வாயாலதான் வண்டி ஓட்டுவாரு” என்று எங்கள் கல்யாணத்தன்றே என்னைப் பற்றிச் சொன்ன மச்சான்.

மூன்று மணிக்கு அடக்கம். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, லயத்து வீட்டு வரிசை முடிகிற முடக்கு வளைவோடு திரும்பிவிடுவார்கள். பெட்டி வீட்டை விட்டு இறங்குவதற்குள் போனால்தான் ராஜி அண்ணன் முகத்தைப் பார்க்கமுடியும். அவிசாவளை, கித்துல்கல வழியாக ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனாலும் ஆறு மணி நேரம் போதும்.

கினிகத்தேனை தாண்டியதும் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. ஒரு நிமிஷ நேரம் மின்னிக்கொண்டே இருந்தது, அப்புறம் நிலையாக எரிந்தது.

“ஏய், எனக்குக் கண்ணடிக்குது பாரு” என்றேன். ராஜி சிரிக்கவில்லை.

இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தன. பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். மூன்று தடவை மெதுவாக மின்னி அணைந்தது. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி எரிந்தது. மறுபடி நிறுத்தம், மறுபடி உதை. இப்படியே நத்தை மாதிரி ஊர்ந்து ஹட்டன் போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால்.

பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டயர் கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். காற்றளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார்.

“நாலுலயும் காத்து சரியா இருக்கு. போங்க.”

“அப்ப லைட்டு ஏன் நானா எரியுது?”

“அது வந்து... லைட்டுதானே.”

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கேஜ் பொய் சொல்லலாம், ஜப்பான்காரன் வைத்த விளக்கு பொய் சொல்லுமா? கழற்றித் தண்ணியில் முக்கிப் பாருங்கள் என்றேன்.

“ஏங்க, எரிஞ்சா எரியட்டும். வாங்க போவோம்” என்றாள் ராஜி.

“முடக்குல டயரு வெடிச்சா உங்க அண்ணனோட நம்மளையும் சேத்துத்தான் தூக்கணும்.”

அவள் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானா ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றித் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி கூட வரவில்லை. இதற்குள், மாப்பிள்ளை வீட்டார் ஓடிப்போன பக்கத்து மண்டபத்துக் கல்யாணக் கதையை அவரிடம் முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்போது போன் அடித்தது. செல்வத்தின் மூத்த மகன்.

“மாமா, எங்க வந்துகிட்டு இருக்கீங்க? மழ வரப்போவுது, குழியில தண்ணி நின்னுரும்னு தோட்டத் தலைவர் சத்தம் போடுறாரு. அத்தைக்காகத்தான் பெட்டிய தொறந்து வச்சிருக்கோம்.”

“இந்தா, வந்துட்டோம்” என்றேன். அப்போது நாலாவது சக்கரம் தொட்டிக்குள் இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்க இரண்டேகால் ஆனது. “மவுத்து வூட்டுக்குப் போறவங்ககிட்ட சல்லி எடுக்கமாட்டேன்” என்று நானா காசு வாங்க மறுத்துவிட்டார். கொட்டகலையில் மழை பிடித்தது. தலவாக்கலையில் லொறிக்குப் பின்னால் மாட்டினோம். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

வட்டகொடை லயத்து முடக்குக்கு நாங்கள் போனது மூன்று இருபத்தைந்துக்கு. பெண்கள் நனைந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தப்பு மேளச் சத்தம் தேயிலைக்கு மேலே எங்கேயோ கேட்டது. அண்ணி ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பத்தான் மூடுனாங்க புள்ள. மூணு மணி வரைக்கும் ரோட்டையே பாத்துகிட்டு இருந்தோம்.”

ராஜி அழவில்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மட்டும் ஓடிப்போய் மச்சானுக்கு ஒரு பிடி மண் போட்டேன், சேறாகத்தான் விழுந்தது. திரும்பி வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று:

“லைட்டு அணைஞ்சிருச்சா?”

அதன் பிறகு நான் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவுமில்லை.

மலைநாட்டுக்குக் கார் எடுப்பவர்களுக்கு: புறப்படும் முன், டயர் சூடேறாத நேரத்தில், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். பிறகுதான் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும், மூன்று தடவை மின்னும் வரை. குறைந்த காற்றோடு ரீசெட் பண்ணினால் வண்டி அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். ஹட்டனுக்கு மேலே மதியத்துக்குப் பிறகு மழையை எதிர்பாருங்கள்.

இன்னொன்று, போன வாரம் கராஜ்காரர் சொன்னது. விளக்கு வந்ததும் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. முதலில் ஒரு நிமிஷம் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சக்கரத்துக்குள் இருக்கும் சென்சரின் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். டயருக்கு ஒன்றும் இல்லை, ஓட்டலாம்.