எத்திராஜ் பெரிப்பாவின் வால்வு லீக்

கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும் அந்த போன்… தண்ணீர் நிரப்பிய சொம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் நான் அனாடமி படித்தேன்.

லாக்டவுன் காலம். நர்சிங் முதல் வருஷம். காலேஜ் ஏனாத்தூர் பக்கம். நானோ உத்திரமேரூரை ஒட்டிய எங்கள் கிராமத்தில்.

எங்கள் பிசியாலஜி சார் ரொம்ப ஆர்வமானவர். லேப் இல்லை என்றதும் ஒரு வெப்சைட்டைப் பிடித்துவிட்டார். அதில் ஒரு மனிதன் நிற்பான். தொட்டால் தோல் விலகும், மறுபடி தொட்டால் தசை விலகும். எங்கள் ஊர் நெட்டுக்கு, தோல் போய்த் தசை வருவதற்குள் அம்மா சோறு வடித்து இறக்கிவிடுவாள்.

நெஞ்சில் விரல் வைத்தால் இதயச் சத்தம் கேட்கும். அன்றைக்கு அதுதான் பாடம். நல்ல ஹார்ட்டை முடித்துவிட்டு, கெட்டுப்போன ஹார்ட்டுக்கு வந்தோம்.

திடீரென்று என் போனில் சத்தம் நின்றுபோனது. வால்யூமை முழுசாக ஏற்றினேன்.

வானத்திலிருந்து கேட்டது.

லப்… ஷ்ஷ்ஷ்… டப்… லப்… ஷ்ஷ்ஷ்… டப்…

தெரு நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. நானோ, 'ஆஹா, என்ன கிளியரா கீது இந்த வெப்சைட்டு!' என்று மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் என் மாமா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், திருவிழா எல்லாம் நின்றுபோனதால், ஆம்ப்ளிபயர் கெட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது ஆன் பண்ணி வைப்பார். முன்பு ஒரு சீமந்தத்துக்கு என் போனிலிருந்துதான் பாட்டுப் போட்டோம். அந்தப் பழக்க தோஷத்தில் ப்ளூடூத் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. மாமா வீட்டு மொட்டை மாடியில் கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு…

சாரின் குரல் ஊர் மேல் முழங்கியது.

"பேஷன்ட் ஆண். வயசு அறுபது. படி ஏறினா மூச்சு வாங்குது. வால்வு லீக் ஆகுது. இப்படியே விட்டா தாங்காது. மலர், நீ சொல்லும்மா… இவரைக் காப்பாத்த என்ன வழி?"

எங்கள் எதிர் வீட்டு எத்திராஜ் பெரிப்பாவுக்கு வயது அறுபது. படி ஏறினால் மூச்சு வாங்கும். இரண்டு நாள் முன்புதான் உத்திரமேரூர் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தார்.

நான் மைக்கை ஆன் பண்ணுவதற்குள் வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே பெரிம்மா. அவளுக்குப் பின்னால், மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு பாதித் தெரு.

"மலரு! இன்னா வழி? சொல்லும்மா சீக்கிரம்!" என்றார் பெரிப்பா.

"ராவெல்லாம் பீடி குடிக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே… கேட்டுச்சா இந்த மனுசன்!" என்று பெரிம்மா மூக்கைச் சிந்தினாள்.

மைக்கை ஆன் பண்ணினேன். "சார்… ஒரு நிமிஷம் சார். பேஷன்ட் வந்துட்டாரு" என்றேன்.

சார் பாவம், நிலைமை புரிந்து பெரிப்பாவைச் சமாதானப்படுத்தினார். அதுவும் ஊருக்கே கேட்டது.

"ஐயா, அது உங்க ஹார்ட் இல்லீங்க. வெப்சைட்ல இருக்குறதுங்க."

"என் ஹார்ட்ட எதுக்குய்யா வெப்சைட்டுல போட்ட?"

கிளாஸில் இருந்த அறுபது பேரும் ஸ்பீக்கர் வழியாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பெரிப்பா கதவு நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். இன்னொரு கை நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

கவர் பிரிக்காத ஸ்டெதஸ்கோப் ஒன்று என்னிடம் இருந்தது. "வெச்சுக் கேளும்மா" என்றார் சார். பெரிப்பா சட்டையைக் கழற்றினார். திரையில் விரல் வைத்தே பழகிய எனக்கு முதல் முறையாக ஒரு நிஜ நெஞ்சு. சூடு, வேர்வை, ஒட்டியிருந்த வைக்கோல் தூசி… உள்ளே, ஓடி வந்த வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

"அந்த ஷ்ஷ் சத்தம் இல்ல சார்" என்றேன்.

"நல்லது. ஐயா, முதல் வருஷப் பொண்ணு காதை நம்பி உக்காந்துடாதீங்க. ரிசல்ட்டை வாங்கிட்டு டாக்டரைப் பாருங்க."

அப்போதுதான் விஷயம் உறைத்து, கூட்டத்தில் நின்ற மாமா அலறியடித்துக்கொண்டு ஓடிப்போய் ஆம்ப்ளிபயரை அணைத்தார்.

பெரிப்பாவுக்கு ரத்தசோகைதான். மாத்திரையில் சரியாகிவிட்டது. ஆனால் வெகுநாள்வரை, "என் வால்வுல ஒண்ணும் கொற இல்லியாம்… மலரு சொல்ட்சி" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கிட்னி பாடம் என்று தெரிந்ததும் ரெண்டு பேர், "ஸ்பீக்கர் போடுவியா மலரு? எனுக்கும் இடுப்பு பேஜார் பண்ணிக்கினு கீது" என்று வந்து கேட்டார்கள்.

இப்போது நானே அனாடமி எடுக்கிறேன். கிளாஸில் பெரிய டச் ஸ்கிரீன். இதயம் கலர் கலராகச் சுழல்கிறது. நெட் ஒரு நொடிகூட நிற்பதில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு கேட்டு, பதிலை டைப் பண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் சரியான பதில்தான்.

எல்லாம் சுத்தமாக, அமைதியாக நடக்கிறது.

ஒரு நெஞ்சுக்குள் என்ன சத்தம் என்பது பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்பதில்லை…