ஓடு கழற்றிய நண்டு

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் கல்யாணத்துக்கு நின்ற பெண்களின் கைகளெல்லாம் சங்கிலியம்மாளின் ஊசியைப் பார்த்தவைதான். பச்சை குத்தாத மருமகள் கையால் மாமியார்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதனால்தான் வாய் நீளமான அந்த விதவையை ஊர் பொறுத்துக்கொண்டது.

அவள் புருஷன் அணை வேலைக்கு மலையேறி, மலைக்காய்ச்சலில் செத்தவன். கருமாதி முடிந்த மறுநாள், "அறுத்தவளுக்கு எதுக்குடி அலங்காரம்?" என்று கேட்ட நாத்தனாருக்கு முன்னாலேயே உட்கார்ந்து, தோல் உரிக்கும் தேள் ஒன்றைத் தன் இடது கையில் தானே பச்சை குத்திக்கொண்டாள். அவளுக்கு விருச்சிக ராசி.

"தேளுன்னா கொட்டும்னு மட்டுந்தேன் ஊருக்குத் தெரியும். அது தோலை உரிச்சுப் போட்டுத்தேன் பெருசாகுது" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யார் கை நீட்டினாலும் முதலில் ராசி கேட்பாள். அந்த ராசியில் எது ஒழிந்தாற்போல் இருந்து மறுபடி தழைக்கிறதோ, அதைத்தான் குத்துவாள். மேஷத்துக்கு, கத்தரித்த மேனியில் ரோமம் அரும்பும் ஆடு. மீனத்துக்கு, வற்றிக் கிடந்த கண்மாயில் முதல் மழைக்குத் துள்ளும் கெண்டை. துலாத்துக்கு என்ன போடுவதென்று அவளுக்கே விளங்கவில்லை. வெட்டிய வாழைக்குப் பக்கத்தில் ஒரு கன்றை வரைந்து ஒப்பேற்றிவிடுவாள். சோசியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொள்ளட்டுமே, அவர்கள் தலைதானே!

வம்பு வந்தது கடகத்தில். குஞ்சு பொரித்ததும் தாய் நண்டு செத்துப்போகும் என்று வயல்காட்டில் எல்லாருக்கும் நம்பிக்கை. வரப்பில் காலும் கொடுக்குமாகக் காய்ந்து கிடப்பதைக் காட்டி, "பெத்துட்டுப் போய்ச் சேந்துருச்சு, பாவம்" என்பார்கள். அதனால் கடக ராசிக்காரி தலைப்பிரசவம் தாங்க மாட்டாள் என்று, அவளைப் பெண் எடுக்க யோசித்தார்கள். கருத்தக்கண்ணன் மகள் பவுனை மூன்று வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவதாக உத்தமபாளையத்துச் சம்பந்தம் வந்தபோது, மகளுக்குச் சிம்ம ராசி என்று துணிந்து புளுகிவிட்டார் அவர்.

"சிங்கத்தைக் குத்தி விடு ஆத்தா. வார வெள்ளி பரிசம் போட வாராக" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பவுனு கையை நீட்டவில்லை. "சிங்கம்னு பொய் சொல்லிப் போயிட்டா, நாளைக்கு மசக்கை வரும்போது பயத்தை யார்ட்டச் சொல்லி அழுவேன்? நான் சாகத்தேன் போறேனா? அதை மட்டும் சொல்லுக்கா."

சங்கிலியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பவுனின் மேல் இல்லை, அவளை இப்படிப் பயமுறுத்தி வைத்த ஊரின் மேல். பிரசவத்தில் சாகிறவர்கள் எல்லா ராசியிலும் இருந்தார்கள். பழியை நண்டின் தலையில் மட்டும் ஏன் போட வேண்டும்? அவளை வரப்புக்கு இழுத்துக்கொண்டு போய், காய்ந்து கிடந்த ஒரு நண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. பின்பக்கம் பிளந்து, உள்ளே வெறுமையாக இருந்தது. பிறகு பக்கத்து வளையில் கைவிட்டு, மெத்தென்ற ஒரு நண்டை வெளியே எடுத்தாள்.

"அந்த ஓட்டுக்குள்ள இருந்தவ இவதேன். கழத்திப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கா. ஓட்டைப் பாத்துட்டு ஒப்பாரி வைக்கிறாக நம்ம ஆளுக."

பவுனு சிரித்தாள், அழுதாள், கையை நீட்டினாள். ஓடு ஒரு பக்கமும் நண்டு ஒரு பக்கமுமாக முன்கையில் ஏறியது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஜக்கம்மா தண்ணீர் கேட்டாள். செம்பை நீட்டிய கையில், அப்பாவிடம்கூடக் காட்டாமல் முந்தானையில் மறைத்து வைத்திருந்த நண்டைக் கண்டதும், வாங்க வந்த அவள் கை நின்றுவிட்டது.

"தெரியாமக் குத்திப்புட்டா இந்தக் கழுதை" என்று பதறினார் கருத்தக்கண்ணன்.

"தெரிஞ்சுதேன் குத்துனேன்" என்று, பரிசம் பார்க்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த சங்கிலியம்மாள் எழுந்து நின்றாள். இந்த ஊரில் இனி ஒரு கையும் தன்னிடம் நீளாமல் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். "புள்ளைக்குக் கடகந்தேன். வேணாம்னா எந்திரிச்சுப் போங்க. ஆனா பெத்தாச் செத்துருவான்னு சொல்லிட்டுப் போகாதீக." வரப்பிலிருந்து கொண்டுவந்து மடியில் முடிந்து வைத்திருந்த நண்டின் வெற்று ஓட்டை எடுத்து முன்னால் வைத்து, அது எப்படிக் கழன்றது என்று சொன்னாள்.

ஜக்கம்மா அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"ஏழு பெத்தேன்" என்றாள். "ஏழு தடவையும், எந்திரிக்க மாட்டேன்னு நெனைச்சுத்தேன் பாயில படுத்தேன். எனக்கும் கடகந்தேன். சிம்மம்னு சொல்லித்தேன் எங்கப்பன் கட்டிக் கொடுத்தாரு. முப்பது வருசமா வாயைத் தொறக்கலை."

செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு சங்கிலியம்மாளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குத்துடி. வாசல்ல நிக்கிற எம் புருசனும் பாக்கட்டும்."