அண்ணன் அவிழ்க்கச் சொன்ன பேனர்

எச்.ஐ.வி. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் தேசிய அளவில் திட்டம் வகுக்கும் குழுவில் எங்கள் அண்ணனைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று, குடும்பத்தில் எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நான் பேனர் அடித்தேன். திருப்பாதிரிப்புலியூரில் பேனர் கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? ‘எச்.ஐ.வி. புகழ் அண்ணன் டில்லி செல்கிறார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, மூலையில் என் படத்தையும் சேர்த்து, அவர் வீட்டு வாசலிலேயே கட்டினேன். என் படம் அவர் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அது மெஷின் கோளாறு.

அண்ணனின் இந்த நினைவு மலரை அச்சிடும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் படிப்பவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது கீரப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், நெல் விளைவிக்கும் குடும்பத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் நடவும் அறுப்பும் அண்ணன் தலையில் விழுந்தன. வயலிலிருந்து ஏறி, கால் கழுவி, சிதம்பரத்துக்குப் பஸ் பிடித்துப் படித்து மருத்துவரானார். நானும் அதே பஸ்ஸில்தான் போனேன். நான் இறங்கிய இடம் சினிமா கொட்டகை.

கடலூரில் அரசுப் பணி. எச்.ஐ.வி. என்றாலே ஜனங்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்ட காலத்தில் அந்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். உறவினர் வீட்டு விசேஷங்களில், சிதம்பரத்து மாமா வராத நாட்களில், அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். “நல்லதாப் போச்சுடா, கைய அகட்டி வச்சு சாப்புடலாம்” என்பார். அண்ணி மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

டில்லியில் உட்கார்ந்து எழுதினால் திட்டம் டில்லிக்குத்தான் பொருந்தும் என்பது அண்ணனின் கருத்து. மருந்து சாப்பிடுகிறவர்களிடமே கேட்டு எழுத நினைத்தார். வீட்டுக்கு வந்து பேசுவதாக முதலில் ஒப்புக்கொண்டவர், கடலோர ஊர்க்காரர் ஒருவர். கடலூரிலேயே மருந்து கிடைத்தாலும், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று மாதாமாதம் சிதம்பரம் போய் வாங்கி வருபவர். சிதம்பரத்துக்காரர்கள் சிலர் அதே காரணத்துக்காகக் கடலூருக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வருவதாகச் சொன்ன நாளில் மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணி, “ஒருத்தர் கேட்டுவரைக்கும் வந்தாரு. மேல பாத்தாரு. அப்படியே திரும்பிப் போயிட்டாரு” என்றார்.

அண்ணன் வெளியே போய்ப் பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏண்டா, இந்த நோவ நான்தான் கண்டுபுடிச்சேன்னும் போட்டிருக்கலாமே?”

“எடம் பத்தலண்ணே.”

“அவுருடா மொதல்ல.”

அவிழ்த்தேன். ஆனால் அந்த மனிதர் போனை அணைத்துவிட்டார். அந்த மாதம் மருந்து வாங்கவும் போகவில்லை. எங்கே போனாலும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. மருந்தை விட்டால் அவர் உடம்பு என்னவாகும் என்று அண்ணனுக்குத் தெரியும். அதன்பிறகு அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் ஊருக்கு நாங்கள் தேடிப் போனால் இன்னும் மோசம். கடைசியில் சிதம்பரம் மருந்து மையத்து ஆலோசகர், அந்த மனிதரின் மனைவி மூலம் சொல்லி அனுப்பினார். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் சந்திக்க ஏற்பாடானது. அங்கே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பயணிகள்போலத் தெரியட்டும் என்று காலி சூட்கேஸ் ஒன்றை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

“எங்கிட்ட கேட்டு டில்லில என்னா சார் எழுதப் போறீங்க?” என்றார் அவர்.

“நீங்க சொல்றததான்.”

“அப்ப எழுதிக்குங்க. மருந்து குடுக்குற ரூம்பு வாசல்ல நோவு பேரப் போடாதீங்க. கடலுக்குப் போறவனுக்கு ரெண்டு மூணு மாசத்து மருந்த சேத்துக் குடுங்க. சும்மா சும்மா எதுக்கு சிதம்பரம் போறேன்னு ஊர்ல கேக்கறானுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பேனர் இவருதான?”

அண்ணன், “என் தம்பிதான். மாத்த முடியாது” என்றார். அவர் சிரித்துவிட்டார். மறுவாரமே மருந்து வாங்கப் போனார்.

அண்ணன் டில்லிக்குக் கொண்டுபோன வரைவில் அவர் சொன்ன இரண்டும் இருந்தன. குழுவில் அவை எந்த அளவுக்கு நின்றன என்று அண்ணன் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அதற்கும் பேனர் அடித்திருப்பேன்.

சென்ற மழைக்காலத்தில் இதய நோயால் படுத்த அண்ணன், சில நாட்களிலேயே அமைதியாக எங்களைவிட்டுப் பிரிந்தார். அந்த நாட்களில் உடனிருந்த மருத்துவர்கள், செவிலியர்கள், கொட்டும் மழையில் ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த தம்பி, பந்தியில் அண்ணன் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்ட சிதம்பரத்து மாமா, வந்திருந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் அண்ணி சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

அச்சுக்கு அனுப்பும் முன் அந்தக் கடலோர ஊர்க்காரருக்குப் போன் செய்து இதைப் படித்துக் காட்டினேன். இப்போது பேரன் எடுத்து, திடமாக இருக்கிறார். முதலில் எழுதியதில் அவர் பெயர், ஊர், மீசை எல்லாமே இருந்தன. “நன்றி சொல்ற எடத்துல உங்க பேர எப்படிப் போடட்டும்?” என்றேன்.

“யாரோ ஒருத்தர்னு போடுங்கண்ணே, போதும்.”