பதினெட்டு ஓட்டு

எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் இரண்டு தடவை நடக்கும். முதல் தடவை குலசாமி கோயிலில், சூடத்தின் மேல். இரண்டாவது தடவை பள்ளிக்கூடத்தில், சீட்டில். முதலாவதை அரசாங்கம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவதைச் சாமி கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

செந்துறையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஊர். எங்கள் பங்காளி வீடுகள் முப்பத்தொன்று. தொண்ணூற்றாறில், பல வருடங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, எங்கள் தெருவையும் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் தெருவையும் ஒரே வார்டாகப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. கிழக்குத் தெருவில் எழுபத்தைந்து. கிழக்குத் தெருக்காரர்கள் எங்கள் வயல்களில் கூலிக்கு வருகிறவர்கள். எங்கள் கோயிலுக்குள் வராதவர்கள் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிறகு வருவது புரியாது.

எங்கள் பக்கம் நின்றது என் அண்ணன் மகன், கட்டில் சின்னம். கிழக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் நின்றாள், பூட்டு சாவி. பொது வார்டில் அவள் நின்றதே எங்கள் தெருவுக்குப் பெரிய செய்தி. எனக்கு அவளைப் பதினான்கு வருடமாகத் தெரியும். நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிழக்குத் தெருவிலிருந்து முன்பெல்லாம் பிள்ளைகளே வந்ததில்லை. அவள்தான் காலையில் தன் இரண்டு பிள்ளைகளோடு இன்னும் ஒன்பது பேரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு நடவுக்குப் போவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் என் வருகைப் பதிவேட்டில் பதினொன்று குறையும். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆனால் அவள் இருப்பதும் இல்லாததும் எனக்கு எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் கூடினோம். தாம்பாளத்தில் சூடம் ஏற்றி, வீட்டுக்கு ஓர் ஆண் வந்து உள்ளங்கையால் அதை அணைத்து, "எங்க வூட்டு ஓட்டு கட்டிலுக்கு" என்று சொல்ல வேண்டும். முப்பத்தோரு கை. நான் ஒன்பதாவது. வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர், பின்னால் இருபத்திரண்டு பேர். அந்த இடத்தில் நின்றுகொண்டு மறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையை வைத்தேன். லேசாகச் சுட்டது.

வாக்குச்சாவடியில் சாக்குத் தட்டிக்குப் பின்னால் நின்றபோதுதான் யோசித்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஏழு தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி அலுவலராகப் போனவன் நான். "நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாதும்மா" என்று எத்தனையோ கிழவிகளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். கை தவறிவிட்டது என்று இப்போது எழுதினால் அது பொய். முத்திரையை நன்றாகப் பார்த்து, பூட்டு சாவியின் மேல் வைத்தேன்.

செந்துறையில் எண்ணினார்கள். பதிவானது நூற்று எழுபத்தொன்று. அவளுக்கு எண்பத்தெட்டு, அண்ணன் மகனுக்கு எழுபத்தொன்பது, செல்லாதது நான்கு.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். செல்லாத ஓட்டால்தான் தோற்றோம் என்று ஒருவர் சொன்னார். கிழக்குத் தெருவில் கள்ள ஓட்டு விழுந்திருக்கிறது என்றார் இன்னொருவர். பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கிழக்கே எழுபது பேர்தான் போட்டார்கள், எல்லோரும் ஆள் அடையாளம் தெரிந்தவர்கள் என்றார். "அப்ப செல்லாததுதான்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தப்புக் கணக்கைக் காதில் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"செல்லாத நாலையும் சேத்தாலும் நம்ம பக்கம் எம்பத்தி மூணுதான் வருது. அவங்க எழுபது பேரும் அந்தம்மாவுக்கே போட்டிருந்தாலும் மிச்சம் பதினெட்டு எங்கேருந்து வந்துது? நம்ம தெருவுலேருந்து கொறைஞ்சது பதினெட்டு பேர் மாறியிருக்காங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதினெட்டில் நானும் ஒருவன் என்பது உறைத்தது.

கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவர், எனக்குப் பங்காளி முறையில் அண்ணன், துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பன்னா வர்ற வெள்ளிக்கெழமை மறுபடியும் சூடம் ஏத்துவோம். நான் மாத்திப் போடலைன்னு ஒவ்வொருத்தனும் அணைக்கட்டும். அணைக்காதவன் பான வைக்க வேணாம்."

பானை என்றால் ஆடிப் பொங்கல் பானை. வீட்டுக்கு ஒன்றாக முப்பத்தோரு பானை வரிசையாக நிற்கும். பானை இல்லாத வீட்டுக்குக் கோயிலில் எந்த உரிமையும் இல்லை. குழந்தைக்கு முதல் மொட்டை போட முடியாது, காது குத்த முடியாது. அப்போது என் மருமகள் ஏழு மாதம்.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. பொய்யாகக் கை வைத்தால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். வைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கோயில் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. புள்ள வவுத்துல இருக்கு" என்றாள். கரைப்பதை நிறுத்தாமலே, "நானும் அதுக்குத்தான் போட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"பூட்டுக்கு. காலைல பதினோரு புள்ளைங்கள ஓட்டிக்கிட்டு நம்ம வாச வழியாத்தான போவும் அந்தப் பொண்ணு. ஒங்களுக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கா?"

"அப்ப பதினாறுதான் வெளிய."

"இப்ப அது ரொம்ப முக்கியம்" என்று சக்கையைப் பிழிந்து போட்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் அணைத்தார்கள். பூசாரி ஒவ்வொரு தடவையும் புதுச் சூடம் வைத்துக் கொளுத்தினார். என் முறை வந்தது. கையை நீட்டவில்லை.

"நான் பூட்டு சாவிக்குத்தான் போட்டேன்" என்றேன். மனைவியைப் பற்றிச் சொல்லவில்லை.

பெரியவர் என்னையே பார்த்தார். "வாத்தியாரே, பதினெட்டுன்னு சொன்னதே நீங்கதான்."

"ஆமாண்ணே."

"நீங்களே போட்டுட்டு அப்பறம் என்ன எழவுக்குச் சொன்னீங்க?"

"கணக்கு தப்பா போயிட்டிருந்துச்சு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அண்ணன் மகன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு மற்ற இருபத்திரண்டு பேரும் அணைத்தார்கள். ஆக முப்பது பேர் மாற்றிப் போடவில்லை. பதினாறு ஓட்டு காற்றில் வந்தது.

தை மாதம் பேத்தி பிறந்தாள். இரண்டு கை, இரண்டு கால், இருபது விரல். நானே பார்த்தேன். அந்த ஆடியில் கோயிலில் முப்பது பானை.

மகனுக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலையில் வேலை. "வேற எந்தக் கோயில்லயாவது மொட்ட போட்டுடலாம்பா" என்றான். மருமகள் சம்மதிக்கவில்லை. மொத முடி குலசாமிக்குத்தான், அதுவரைக்கும் கத்திரி படக்கூடாது என்றுவிட்டாள். குழந்தையின் முடி வளர்ந்தது. இரண்டு வயதில் தோளுக்கு, மூன்றில் முதுகுக்கு, நான்கில் இடுப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிக்கெடுக்க ஒரு மணி நேரம், ஈர் எடுக்க ஒரு மணி நேரம், அழுகை இரண்டு மணி நேரம். ஒருமுறை சீப்பில் பல் உடைந்தபோது மருமகள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒரு சூடத்த அணைச்சிருந்தா என்ன மாமா கொறைஞ்சு போயிருக்கும்?"

அந்த ஐந்து வருடமும் நான் ஒரு கெட்ட வேலை செய்தேன். அணைத்த முப்பது வீடுகளையும் கவனித்து வந்தேன். ஒரு வீட்டில் சினை மாடு செத்தது. ஒருவர் மொபெட்டிலிருந்து விழுந்து கால் முறிந்தது. உடனே, இவர்தான் பொய்ச் சத்தியம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வேன். ஆனால் மாடு செத்தவர் எந்தக் காலத்திலும் சொல் மாறாத மனிதர். சந்தேகப்பட்டவர்களுக்கோ வேர்க்கடலை நன்றாக விளைந்தது. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அணைச்சது ஆம்பளைங்க. ஓட்டுப் போட்டதுல பாதிக்கு மேல பொம்பளைங்க. எங்கள யாரு கேட்டீங்க?" என்றாள். நான் அந்தக் கோணத்தில் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. முப்பது பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். அப்படியானால் சாமி தண்டிக்க அங்கே ஆளே இல்லை. ஐந்து வருடம் நான் மட்டும்தான் தண்டனையைத் தேடி அலைந்திருக்கிறேன்.

இதற்கிடையே வார்டு மெம்பரான அந்தப் பெண் கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் இரண்டும், எங்கள் தெருவுக்கு ஒன்றும் கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்காத வீடு இல்லை. நான் பார்த்தேன். முப்பத்தோரு குடும்பமும் பிடித்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் அடுத்த தேர்தல். மறுபடியும் அதே இரண்டு பேர். அண்ணன் மகன் வீட்டுக்கு வந்தான். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"சித்தப்பா, இந்தத் தடவ சூடம் ஏத்தல. போன தடவ பட்டது போதும். ஒங்ககிட்ட மட்டும் கேக்கறேன். போடறேன்னு வாயால சொல்லுங்க, அது போதும். ஆடிக்குப் புள்ளைக்கு மொட்ட போட்டுக்கலாம். பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. மருமகள் உள்ளே இருந்தாள்.

"யாருக்குப் போடுவேன்னு சொல்ல மாட்டேம்ப்பா" என்றேன். "போனவாட்டி சொன்னதே தப்பு."

"சொல்லலேன்னா அங்கதான் போடுவீங்கன்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்க."

அவன் சிரித்தான். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று எழுந்தான். மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தத் தேர்தலில் ஆறு ஓட்டில் அண்ணன் மகன் ஜெயித்தான். நான் யாருக்குப் போட்டேன் என்பதை இங்கும் எழுதப்போவதில்லை. மனைவியும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனி மாதக் கடைசியில் அவனே மறுபடி வந்தான். "பெரியவர்கிட்ட பேசிட்டேன். ஜெயிச்சவன் கேட்டா இல்லேங்க முடியல அவரால. பானைய எடுத்துக்கிட்டு வாங்க. ஆனா கடைசில வெப்பீங்களாம்."

அந்த ஆடியில் பேத்திக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. மொட்டை அடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவள் அழவில்லை. முடி கீழே விழ விழ, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்த மருமகள்தான் அழுதாள். சந்தனம் பூசும்போது பார்த்தால் உச்சியில் இரண்டு சுழி. இரண்டு கல்யாணம் ஆகும் என்பார்களே என்று என் மனைவிக்கு அங்கேயே கவலை பிடித்துக்கொண்டது.

பெரியவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "ரெட்டச் சுழியா? வாத்தியார் பேத்தியில்ல. பெரிசானா ரெண்டு பக்கமும் ஓட்டுப் போடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாம்பாளத்தில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன் கொண்டுவந்திருந்தால் என் பானை ஒன்பதாவதாக இருந்திருக்கும். அன்று முப்பத்தோராவதாக வைத்தேன். கடைசிப் பானைக்கு வேலி ஓரமாக இடம், புகை முழுக்க அங்கேதான் வரும். அதற்குள் எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூருக்கும், அரியலூருக்கும், திரும்பப் பெரம்பலூருக்கும் போய்விட்டிருந்தது. இந்த வருடம் மறுபடியும் அரியலூர் என்கிறார்கள். வீட்டை விட்டு நகராமலே நான்கு தடவை முகவரி மாற்றி எழுதிவிட்டேன். பானை மட்டும் இடம் மாறவில்லை. போன ஆடியிலும் கடைசியில்தான் வைத்தோம். கண் எரிந்தது.